துறவறம் உயர்ந்தது என்றால் திருமணம் தாழ்ந்ததா? திருச்சபைப் போதனையை வைத்துப் பேசுவோம்

மறைக்கல்வி_ஞாயிறு

இயேசுவுக்கே புகழ்!

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தேவ அழைத்தல், அதாவது எந்த வாழ்வுநிலைக்குக் கடவுள் அழைக்கிறார் என்ற பாடம், எடுக்க வேண்டியிருக்கிறது. பொதுத்தேர்வு முடிந்ததும் மறைமாவட்டமும் சபைகளும் அழைத்தல் முகாம்களைத் தொடங்கிவிடும். அதற்குள் இவர்களுக்குத் தெளிவு கிடைக்க வேண்டும். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் மூன்று.

துறவறமே மேல் என்று திருச்சபை இன்றும் சொல்கிறதா, அல்லது அது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தைய பேச்சா? திருமணம் ஏழு அருளடையாளங்களில் (திருச்சபையின் புனிதச் சடங்குகளில்) ஒன்று, கன்னியர் கடவுளுக்குக் கொடுக்கும் உறுதிமொழியான வார்த்தைப்பாடு அப்படி இல்லை, பிறகு அது எப்படி மேலாகும்? "குழந்தை பிறந்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறோம்" என்று பெற்றோர் நேர்ந்துகொண்டிருந்தால் பிள்ளை போய்த்தான் ஆக வேண்டுமா?

எந்த ஏடு, எந்த எண், எந்தச் சட்டம் என்று சொல்லிப் பதில் தந்தால் உதவியாக இருக்கும்.

பழஞ்சங்கம்

மரியே வாழ்க! முதல் கேள்விக்கு நேராகச் சொல்கிறேன். ஆம், சொல்கிறது. திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கத்தின் 24ஆம் அமர்வு, 1563 நவம்பர் 11, பத்தாவது விதி: கன்னிமையையோ மணத்துறவையோ விடத் திருமண நிலைதான் மேல் என்றும், கன்னிமையில் நிலைத்திருப்பது திருமணத்தைவிடச் சிறப்பும் பேறும் உடையது அல்ல என்றும் சொல்பவர் சபிக்கப்பட்டவர் ஆகட்டும். இதைப் பின்னால் வந்த எந்தச் சங்கமும் திரும்பப் பெறவில்லை.

ஆனால் அதே அமர்வின் முதல் விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திருமணம் கிறிஸ்து ஏற்படுத்திய ஏழு அருளடையாளங்களில் ஒன்று, மனிதர் கண்டுபிடித்தது அல்ல என்கிறது அது. முதல் விதியை விட்டுவிட்டுப் பத்தாவதை மட்டும் மேடையில் சொன்னால் போதனை கோணலாகிவிடும்.

இந்த இரட்டைக் காவல் திரிதெந்தில் தொடங்கியதும் அல்ல. 4ஆம் நூற்றாண்டில் கங்ரா சங்கம், திருமணத்தை இகழ்ந்தவர்களையும், மணமானவர்களைப் பார்த்துத் தலைநிமிர்ந்து பெருமை பேசிய கன்னியரையும் கண்டித்தது. அதே நூற்றாண்டின் இறுதியில் உரோமையில் யோவினியன் என்ற துறவி, மற்றச் செயல்கள் சமமாக இருந்தால் கன்னியருக்கும் கைம்பெண்ணுக்கும் மணமானவருக்கும் புண்ணியத்தில் வேறுபாடே இல்லை என்று கற்பித்தார். திருத்தந்தை சிரிசியு அதைக் கண்டித்தார். எரோணிமுஸ் அவருக்கு மறுப்பு எழுதியபோது திருமணத்தையே மட்டம் தட்டிவிட்டார் என்று உரோமையில் சலசலப்பு எழுந்தது. அதன் பிறகுதான் அகுஸ்தினார் திருமணத்தின் நன்மை பற்றி ஒரு நூலும் தூய கன்னிமை பற்றி இன்னொன்றும் எழுதினார். மக்கட்பேறு, பிரமாணிக்கம் (ஒருவருக்கொருவர் உண்மையாக இருத்தல்), பிரிக்கமுடியாத அருள்பிணைப்பு என்று திருமணத்தின் மூன்று நன்மைகளை அவர் அங்கே நிறுவுகிறார்.

கன்னிமை பற்றிய நூலின் பெரும்பகுதி தாழ்ச்சியைப் பற்றியது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கிறிஸ்பினா என்ற ஆப்பிரிக்கப் பெண் திருமணமானவர், பிள்ளைகளின் தாய், 304இல் மறைசாட்சியாக இறந்தவர். தான் மணம் செய்யவில்லை என்பதற்காக ஒரு கன்னிகை கிறிஸ்பினாவைவிடத் தன்னை மேலாக எண்ணலாமா என்று கேட்கிறார் அகுஸ்தினார். கிறிஸ்பினா செய்ததைச் செய்யும் வலிமை தனக்கு இன்னும் வந்ததா இல்லையா என்று அந்தக் கன்னிகைக்கே தெரியாது. நம் மண்ணில் இதற்குச் சான்று தேவசகாயம். நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுடப்பட்டவர். மணமானவர், மனைவி ஞானப்பூ. 2022 மே 15இல் புனிதர் பட்டம்.

புனித தோமா அக்குவினா இதை ஒழுங்காகப் பிரித்து வைக்கிறார். ஒரு நிலை மற்றொன்றைவிடச் சிறந்தது என்பது ஒன்று, அந்த நிலையில் இருக்கும் ஆள் சிறந்தவர் என்பது வேறு. துறவற நிலையில் இருந்துகொண்டு அன்பில் குறைந்தவர்கள் உண்டு, அந்த நிலையில் இல்லாமலே அன்பில் நிறைந்தவர்களும் உண்டு. ஆளை அளப்பது அன்பு ஒன்றே.

நாசரேத்_வீடு

பழஞ்சங்கம் ஐயா சொன்ன தரவுகளை மறுக்கவில்லை. ஆனால் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதில் எனக்குக் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' ஏட்டில் 159 முதல் 162 வரை படியுங்கள். கன்னிமையின் மேன்மையைத் தனித்து அறுதியாகப் பேசுவதைவிட, வாழ்வுநிலைகள் ஒன்றையொன்று நிறைவாக்குகின்றன, ஒருவகையில் ஒன்றும் வேறுவகையில் மற்றொன்றும் நிறைவுடையதாக இருக்கலாம் என்று சொல்வதே போதும் என்கிறார். 13ஆம் நூற்றாண்டின் அலெக்சாந்தர் ஹேல்ஸையும் துணைக்கு அழைக்கிறார். திருமணம் குறிக்கும் பொருளை வைத்துப் பார்த்தால் அது மற்ற அருளடையாளங்களைவிட மேல் என்று ஒருவகையில் சொல்லலாம் என்பது அவர் கருத்து. புனித 2ஆம் யோவான் பவுல் 1982இல் புதன் மறைக்கல்வி உரையில் சொன்னதையும் அந்த ஏடு எடுத்துக்காட்டுகிறது: பாலுறவைத் தவிர்ப்பதை மட்டும் காரணமாக வைத்துத் திருமணம் தாழ்வு, கன்னிமை உயர்வு என்று சொல்ல மறைநூலில் இடமில்லை.

திருச்சபை பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டின் (1964) ஐந்தாம் அதிகாரம் முழுவதும், எந்த நிலையில் இருந்தாலும் எல்லாரும் அன்பின் நிறைவுக்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதே. அதே ஏட்டின் 11ஆம் எண் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்கிறது. நம் பங்குகளில் இது இறங்கவே இல்லை. "புனிதம் எல்லாம் சாமிமாருக்கும் சிஸ்டர்களுக்கும், நமக்கு ஞாயிறு பூசை போதும்" என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மேல், கீழ் என்று பேசப் பேச அந்த எண்ணம்தான் இறுகுகிறது.

லூயி, செலி மார்ட்டின் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். லூயி பெரிய புனித பெர்நார்து மடத்தைத் தேடிப் போனார், இலத்தீன் தெரியாததால் சேர்க்கவில்லை. செலி அலன்சோனில் கன்னியரிடம் கேட்டார், அவர்களும் ஏற்கவில்லை. 1858இல் திருமணம். முதல் பத்து மாதம் உடன்பிறந்தார் போல வாழ்ந்தார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு ஒருவர் சொன்ன பிறகு அதை மாற்றிக்கொண்டார்கள். ஒன்பது பிள்ளைகள், நால்வர் சிறுவயதில் இறந்தனர், மிஞ்சிய ஐந்து பெண்களும் துறவிகள், அவர்களில் ஒருவர் குழந்தை தெரசாள். 2015 அக்டோபர் 18இல் தம்பதியாக ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்ற முதல் இருவர் இவர்கள். துறவறம் கிடைக்காமல் போனதற்கு ஆறுதல் பரிசாக அவர்களுக்குத் திருமணம் கிடைத்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

பழஞ்சங்கம்

சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அங்கே உடன்படுகிறேன். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மேன்மைப் போதனையைக் கைவிட்டது என்று யாரும் படித்துவிடக் கூடாது. 1965இல் அதே சங்கம் குருத்துவப் பயிற்சி பற்றி வெளியிட்ட ஏட்டின் 10ஆம் எண், குருமாணவர் கிறிஸ்தவத் திருமணத்தின் கடமைகளையும் மாண்பையும் அறிய வேண்டும், ஆயினும் கிறிஸ்துவுக்கு அர்ப்பணித்த கன்னிமையின் மேன்மையையும் உணர வேண்டும் என்கிறது. நீங்கள் எடுத்துக்காட்டிய அதே 2ஆம் யோவான் பவுல், 1981இல் குடும்பம் பற்றிய ஏட்டின் 16ஆம் எண்ணிலும் 1996இல் அர்ப்பண வாழ்வு பற்றிய ஏட்டின் 32ஆம் எண்ணிலும் மேன்மையை வெளிப்படையாகச் சொல்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: கிறிஸ்து வாழ்ந்த முறையையே நேரடியாக எடுத்து வாழ்வதாலும், வரப்போகும் இறையாட்சியை முன்கூட்டியே காட்டுவதாலும். பாலுறவைத் தவிர்ப்பது மட்டும் காரணம் ஆகாது என்ற அவருடைய 1982 உரை இதோடு மோதவில்லை.

இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அருளடையாளங்கள் இந்த உலகப் பயணத்துக்கு உரியவை. திருமணப் பிணைப்பு சாவோடு முடிகிறது. உயிர்த்தெழுந்தோர் மணம் செய்வதில்லை என்று மத்தேயு 22:30இல் ஆண்டவரே சொல்கிறார். துறவியின் வார்த்தைப்பாடு திருமுழுக்கில் ஏற்கெனவே பெற்ற அர்ப்பணத்தில் வேரூன்றி அதை முழுமையாக வெளிக்காட்டுவது. அதனால் அதற்குப் புதிய அருளடையாளம் தேவைப்படவில்லை. தம்பதியருக்கோ ஒரு புதிய பிணைப்பு உண்டாகிறது, சுமக்கப் புதிய பொறுப்பு வருகிறது, அதற்கென்றே தனி அருள் தரப்படுகிறது. அருளடையாளம் இருப்பதால் திருமணம் மேல் என்பதும் இல்லை, இல்லாததால் துறவறம் வெறும் மனித ஏற்பாடு என்பதும் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 1620ஆம் எண்ணில் புனித யோவான் கிறிசோஸ்தோம் சொன்னது இருக்கிறது. திருமணத்தை இகழ்பவர் கன்னிமையின் மகிமையையும் குறைக்கிறார், தீமையோடு ஒப்பிட்டால் மட்டுமே நல்லதாகத் தெரியும் ஒன்று உண்மையில் அவ்வளவு நல்லது அல்ல என்பது அதன் சாரம். வகுப்பில் இந்த ஒரு எண்ணை மட்டுமாவது எழுதிப் போடுங்கள்.

சகாயபுரம்_தம்பி

இடையில் ஒரு சின்ன விளக்கம். மறைமாவட்டக் குருக்கள் துறவிகள் அல்ல. அவர்கள் மணத்துறவையும் ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் வாக்களிக்கிறார்கள், ஏழ்மை வார்த்தைப்பாடு இல்லை, சொந்தப் பெயரில் சொத்து வைத்திருக்கலாம். சேசு சபை, சலேசிய சபை போன்றவற்றில் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றும் வார்த்தைப்பாடு. முகாமில் பையன்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள்.

சட்டம்_அறிவோம்

தம்பி சொன்னது சரி. துறவறத்தில் சேரும் படிகளை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி சொல்கிறேன். பெண்பிள்ளைகளின் பெற்றோர் அதிகம் குழம்பும் இடம் இது.

முதலில் ஆஸ்பிரன்ட், கேண்டிடேட் என்று சபைக்குச் சபை பெயர் மாறும் ஆயத்தக் காலம். இதன் நீளத்தைச் சபையின் ஒழுங்கு தீர்மானிக்கும். இந்தக் கட்டத்தில் எந்தக் கட்டும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் வீடு திரும்பலாம். அடுத்து நவதுறவு, அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலம். 17 வயது நிறையாதவரை இதில் சேர்த்தால் செல்லாது (சட்டம் 643). திருமணப் பிணைப்பு நீடிக்கும்போது சேர்த்தாலும், வன்முறை, பேரச்சம், வஞ்சகம் இவற்றால் சேர்ந்தாலும் செல்லாது. கடைசியில் சொன்னதைப் பெற்றோர் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

நவதுறவு 12 மாதம் நவதுறவு இல்லத்திலேயே இருக்க வேண்டும், இரண்டு ஆண்டுக்கு மேல் திட்டமிடக் கூடாது. தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நவதுறவே செல்லாமல் போகும். 15 நாளுக்கு மேல் போன நாட்களை ஈடுசெய்ய வேண்டும். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு மாதம் அனுப்புங்கள்" என்று வீட்டில் கேட்கும்போது நவதுறவுப் பொறுப்பாளர் தயங்குவதற்குக் காரணம் இதுதான், இரக்கம் இல்லாததால் அல்ல.

முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயது. இது தற்காலிகம், மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஆறு ஆண்டுக்கு மிகாமலும். தேவைப்பட்டால் நீட்டலாம், மொத்தம் ஒன்பது ஆண்டைத் தாண்டக் கூடாது. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அதற்கு முன் குறைந்தது மூன்று ஆண்டு தற்காலிக வார்த்தைப்பாடு. அடைபட்ட மடங்களில் தியான வாழ்வு வாழும் கன்னியருக்கு 2018இல் வந்த விதிமுறைகள் இன்னும் நீளம், ஆயத்தம் முதல் நித்திய வார்த்தைப்பாடு வரை ஒன்பது ஆண்டுக்குக் குறையக் கூடாது.

சொத்து விஷயம்: முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தன் சொத்தின் நிர்வாகத்தை விரும்பியவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லத்தக்க உயில் எழுத வேண்டும். உழைப்பால் வருவது சபைக்கே. அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை செய்யும் சிஸ்டர்களின் சம்பளமும் அப்படித்தான் போகிறது. ஆனாலும் அதில் வருமான வரி பிடித்தம் உண்டு என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மடத்துக்குச் சீதனம் கொடுக்க வேண்டுமா என்று இன்றும் சில பெரியவர்கள் கேட்கிறார்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடைபட்ட மடங்களுக்கு அப்படி ஒன்று இருந்தது, 1983 சட்டத்தில் இல்லை.

ஓலை_மூன்று

சட்டம் அண்ணன் துறவறத்துக்குச் சொன்ன அளவுக்குத் திருமணத்துக்கும் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு ஒப்பீடு புரியும்.

துறவறத்துக்கு ஆறு முதல் பத்து ஆண்டுப் பயிற்சி. திருமணத்துக்கு? பெரும்பாலும் மறைமாவட்டக் குடும்பநலப் பணிக்குழு நடத்தும் இரண்டு மூன்று நாள் வகுப்பு, மூன்று ஞாயிறு கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பான ஓலை, பங்குத்தந்தையின் விசாரணை. 2022இல் உரோமையின் பொதுநிலையினர், குடும்பம், வாழ்வு துறை திருமணத்துக்கு முந்தைய நெடிய பயிற்சி ஒன்றை முன்மொழிந்தது. அதன் முன்னுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த ஏற்றத்தாழ்வைத்தான் சுட்டிக்காட்டினார். என் கருத்தில் "எது மேல்" என்ற கேள்வியைவிட இதுதான் அவசரமானது. திருமணத்தையும் அழைத்தல் என்று வாயால் சொல்லிவிட்டு, இரண்டு நாள் வகுப்பில் அதை முடித்துவிடுகிறோம்.

எங்கே தவறுகிறது என்று சொல்கிறேன். முதலாவது உறவுமுறை. பக்கவாட்டு இரத்த உறவில் நான்காம் படிவரை திருமணம் செல்லாது (சட்டம் 1091). மாமன் மகள், அத்தை மகன் நான்காம் படி. அக்காள் மகள் மூன்றாம் படி. எண்ணுவது எளிது: இரண்டு கிளையிலும் உள்ள ஆட்களை எல்லாம் எண்ணி, பொது முன்னோரை விட்டுவிட வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் இவை உரிமைச் சம்பந்தங்கள். ஆயரிடமிருந்து விதிவிலக்கு வாங்காமல் தாலி கட்டினால் திருச்சபைப்படி திருமணமே ஆகாது. பத்திரிகை அடித்த பிறகு ஓலை எழுதும்போதுதான் பல வீடுகளில் இது வெளியே வருகிறது. பெண் பார்க்கப் போகும் முன்பே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, திருமுழுக்குப் பெறாதவரோடு திருமணம். அதற்கும் விதிவிலக்கு வேண்டும். கிடைத்துச் செய்தால் அது செல்லும் திருமணம், ஆனால் அருளடையாளம் ஆகாது. இருவரும் திருமுழுக்குப் பெற்றிருந்தால்தான் அருளடையாளம்.

மூன்றாவதும் முதன்மையானதும் சம்மதம். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம், அதை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது (சட்டம் 1057). அப்பா கொடுத்த வாக்கு சம்மதம் ஆகாது. பேரச்சத்தால் சொன்ன "சம்மதம்" செல்லாது (சட்டம் 1103), நேரடியாக மிரட்டும் நோக்கம் இல்லாமல் வந்த அச்சமாக இருந்தாலும் அப்படியே. பங்குத்தந்தை பெண்ணையும் பையனையும் தனித்தனியே விசாரிப்பது இதற்காகத்தான். அந்த நேரத்தில் தாயோ சித்தியோ அறைக்குள் உட்காரக் கூடாது. பிள்ளை வேண்டாம் என்றோ, ஒத்துவராவிட்டால் பிரிந்துவிடலாம் என்றோ உள்ளுக்குள் முடிவெடுத்துக்கொண்டு சம்மதம் சொன்னாலும் அது செல்லாது.

சட்டம்_அறிவோம்

ஓலை தம்பி எழுதியதைப் படித்ததும் ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. எது அதிகம் கட்டுகிறது என்று பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். நித்திய வார்த்தைப்பாட்டிலிருந்து கனமான காரணத்துக்குத் திருச்சபை விடுவிக்கலாம். திருத்தந்தைக்கு நேரடியாக உட்பட்ட சபை (திருத்தந்தை உரிமைச் சபை) என்றால் உரோமை, ஆயருக்கு உட்பட்ட சபை (மறைமாவட்ட உரிமைச் சபை) என்றால் ஆயர் (சட்டம் 691). ஆனால் திருமுழுக்குப் பெற்ற இருவர் முறைப்படி மணந்து உடலால் ஒன்றித்த திருமணத்தைச் சாவு தவிர எந்த மனித அதிகாரமும் அவிழ்க்க முடியாது (சட்டம் 1141). திருச்சபை நீதிமன்றத்தில் 'திருமணம் செல்லாது' என்ற தீர்ப்பு வருவது அவிழ்ப்பது அல்ல, தொடக்கத்திலேயே பிணைப்பு உண்டாகவில்லை என்று கண்டறிவது.

மறைக்கல்வி_ஞாயிறு

இவ்வளவு தெளிவை எதிர்பார்க்கவில்லை, நன்றி. மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. நேர்ச்சைப் பிள்ளை. கூடவே இன்னொன்று: வீட்டில் கடன், அப்பா படுக்கையில், மூத்த மகன் குருமடம் போக விரும்புகிறான். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று அனுப்பலாமா?

சட்டம்_அறிவோம்

சட்டம் 1193: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். பெற்றோர் செய்த நேர்ச்சை பிள்ளையைக் கட்டாது. அந்தக் காரணத்தைச் சொல்லி அழுது, சாபம் வரும் என்று பயமுறுத்தி அனுப்பினால், மேலே சொன்ன பேரச்சம் அங்கே வந்துவிடுகிறது, நவதுறவே கேள்விக்குரியதாகும். பெற்றோரின் மனக்கலக்கத்துக்கு வழி இருக்கிறது. அது தனிப்பட்ட நேர்ச்சை என்பதால் தகுந்த காரணத்துக்குப் பங்குத்தந்தையே அவர்களை விடுவிக்கலாம் (சட்டம் 1196). ஒரு வாரநாளில் போய்ப் பேசினால் முடிகிற காரியம், 18 ஆண்டாகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

கடன் பற்றி: தீர்க்க முடியாத கடன் உள்ளவரை நவதுறவில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் 644 சொல்கிறது. அது அவருடைய சொந்தக் கடன். தந்தையின் தேவை பற்றிப் புனித தோமா தனியாகவே பதில் சொல்லியிருக்கிறார். பெற்றோருக்குப் பிள்ளையைத் தவிர வேறு ஆதரவே இல்லாத நிலை என்றால், அவர்களை விட்டுத் துறவறம் புகுவது முறையல்ல. வேறு பிள்ளைகளோ வழியோ இருந்தால் போகலாம். ஆகவே முதலில் அந்த வீட்டின் கணக்கைப் பாருங்கள். தங்கையின் படிப்புக்கு யார், மருந்துக்கு யார் என்று பெயரோடு பதில் வந்த பிறகு பையன் கிளம்பட்டும். இரண்டு ஆண்டு தாமதித்தால் அழைத்தல் போய்விடாது.

எட்டுநாள்_தியானம்

தேர்ந்து தெளிவது எப்படி என்பதை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். சேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் 15ஆம் எண் ஒரு பொன்னான ஒழுங்கு. தியானம் கொடுப்பவர், செய்பவரை ஒரு வாழ்வுநிலைக்கோ அதற்கு எதிரானதற்கோ தள்ளக் கூடாது, தராசின் முள் போல நடுவில் நிற்க வேண்டும். படைத்தவர் தம் படைப்போடு நேரடியாகச் செயல்பட விட வேண்டும். தியானத்துக்கு வெளியே கன்னிமைக்கும் துறவறத்துக்கும் தகுதியுள்ளவர்களை ஊக்குவிக்கலாம் என்றும் அங்கேயே சொல்கிறார். முகாம் நடத்துபவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். மூன்று நாள் முகாமின் கடைசி இரவில் பாட்டும் கண்ணீருமாக இருக்கும்போது "யார் யார் வருகிறீர்கள், கை தூக்குங்கள்" என்பது இந்த ஒழுங்குக்கு நேர் எதிர்.

மனம் அமைதியாக இருக்கும்போது செய்வதற்கு அவர் சொல்லும் முறை 178 முதல் 187 வரை. முன்னால் இருக்கும் தெரிவைத் தெளிவாக வைத்து, அதை ஏற்பதால் வரும் நன்மை, ஆபத்து, ஏற்காததால் வரும் நன்மை, ஆபத்து என்று நான்கையும் எழுத வேண்டும். பிறகு முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வேன், சாகும் நேரத்தில் எதைத் தெரிந்திருக்க விரும்புவேன், தீர்ப்பு நாளில் எதை விரும்புவேன் என்று பார்க்க வேண்டும். மனம் வறண்டு கலங்கி இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது 318.

பிளஸ் டூ பிள்ளைகளிடம் நடைமுறையில் பார்க்க வேண்டியவை வேறு. மதிப்பெண் குறைந்ததும் திடீரென்று வந்த அழைத்தலா? வரதட்சணைப் பயத்தில் வீட்டார் பேச்சை வாங்கிச் சொல்கிறாளா? காதல் முறிந்த மறுமாதமா? இவற்றில் எதுவும் அழைத்தலைப் பொய்யாக்கிவிடாது, ஆனால் ஓர் ஆண்டாவது ஆற வேண்டும். மறுபக்கமும் கேளுங்கள்: உள்ளே ஆர்வம் இருந்தும், ஒரே மகன், வம்சம் என்று வீட்டில் சொன்னதால் வாயை மூடிக்கொண்டவன் இருக்கிறானா? அவனும் கட்டாயப்படுத்தப்பட்டவன்தான்.

நாசரேத்_வீடு

15ஆம் எண்ணைச் சொன்ன நண்பர் அதே நூலின் 356ஐச் சொல்லவில்லை. துறவறத்தையும் கன்னிமையையும் புகழ வேண்டும், திருமணத்தை அந்த அளவுக்கு அல்ல என்று இஞ்ஞாசியாரே எழுதுகிறார். அதைத்தான் நான் கேட்கிறேன். 18 வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிவிட்டு, முள் நடுவில் நிற்கிறது என்று எப்படிச் சொல்வது?

எட்டுநாள்_தியானம்

நேர்மையான கேள்வி. 356 திருச்சபை எதைப் பொதுவில் புகழ்கிறதோ அதை நாமும் புகழ வேண்டும் என்னும் ஒழுங்கு. துறவறத்தை வெறுங்கூத்து என்று பலர் பேசிய காலத்தில் எழுதியது. 15 ஓர் ஆளின் முடிவைப் பற்றியது. சிறந்த நிலை எது என்று தெரிந்துகொண்டு, அது எனக்குத் தரப்பட்டதா என்று கேட்பதில் முரண் இல்லை. பவுலடியாரும் இதையே செய்கிறார். கொரிந்தியர் முதல் திருமுகம் 7:38இல் ஒன்றை மேல் என்கிறார், 7:7இல் ஒவ்வொருவருக்கும் கடவுள் தரும் கொடை தனி என்கிறார், 7:25இல் ஆண்டவரின் கட்டளை எதுவும் இல்லை, தம் கருத்தைச் சொல்வதாகச் சொல்கிறார். மூன்று வசனமும் ஒரே அதிகாரம்.

நாசரேத்_வீடு

வகுப்பில் அந்த மூன்று வசனத்தையும் சேர்த்தே வாசிக்கச் சொல்லுங்கள், அதற்கு நான் இசைகிறேன். ஆனால் அதோடு 'அன்பின் மகிழ்வு' 162ஐயும் வாசியுங்கள். மணத்துறவு ஒரு வசதியான தனிமையாக, நினைத்த இடத்துக்குப் போய், தன் நேரத்தையும் பணத்தையும் தானே அனுபவிக்கும் சுதந்திரமாக மாறிவிடும் ஆபத்தைத் திருத்தந்தை அங்கே காட்டுகிறார். அந்த நேரத்தில் மணமானவர்களின் சான்று கண்ணில் படும் என்கிறார். நோயுற்ற மனைவியை ஆண்டுக்கணக்கில் சுமக்கும் கணவனிடம் துறவி கற்கிறார். நிலை மேல் என்பது அந்த இடத்தில் உதவாது.

பழஞ்சங்கம்

முழுமையாக ஏற்கிறேன்.

வேதியர்_மகள்

தாமதமாக வருகிறேன், ஒரு நடைமுறைக் கேள்வி. தற்காலிக வார்த்தைப்பாடு முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ஊரில் "மடத்திலிருந்து ஓடிவந்தவள்" என்று பேசுகிறார்கள். பாவமா, தடையா என்று மாப்பிள்ளை வீட்டாரே கேட்கிறார்கள். என்ன சான்று காட்டலாம்?

சட்டம்_அறிவோம்

பாவமும் இல்லை, தடையும் இல்லை. தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்ததும் விரும்புகிறவர் சபையை விட்டு வெளியேறலாம் என்று சட்டம் 688 நேராகச் சொல்கிறது. அந்தக் காலம் வைத்திருப்பதே இதற்காகத்தான். திருமணத் தடை துறவற சபையில் எடுத்த பொது நித்திய வார்த்தைப்பாட்டுக்கு மட்டும் (சட்டம் 1088).

சான்று இரண்டு வேண்டும். சபைத்தலைவியிடமிருந்து, முதல் வார்த்தைப்பாட்டு நாள், அது காலாவதியான நாள், நித்திய வார்த்தைப்பாடு எடுக்கவில்லை என்ற மூன்றையும் குறிப்பிட்டு முத்திரையோடு ஒரு கடிதம். பல ஆண்டு கழித்துக் கேட்டாலும் சபைகள் தருவார்கள், ஆனால் வெளியேறும் நாளிலேயே வாங்கிவிடுவது நல்லது. அடுத்தது, திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்து புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்று. வீட்டில் இருக்கும் பழைய தாள் உதவாது. உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம், நித்திய வார்த்தைப்பாடு எல்லாம் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில்தான் குறிக்கப்படுகின்றன (சட்டம் 535). ஓரக்குறிப்பு எதுவும் இல்லை என்று பங்குத்தந்தை எழுதித் தரும் புதிய சான்றே அந்தப் பெண் திருமணத்துக்குச் சுதந்திரமானவர் என்பதற்கு முதல் ஆதாரம்.

நித்திய வார்த்தைப்பாடு எடுத்து, பிறகு விடுதலை பெற்றவர் என்றால் விடுதலை ஆணையின் நகலும் வேண்டும். அதையும் அவருடைய திருமுழுக்குப் பங்குக்கு அனுப்பிப் பதிவேட்டில் குறிக்கச் செய்யுங்கள். இதை மறந்துவிட்டால், மூன்றாவது ஓலை வாசித்த பிறகு திருமணம் நின்று போகும்.